கர்னலைக் கூப்பிடும் முறை

இதனால் ஒரகடம் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும், ஆடு மாடுகளுக்கும், வாலாஜாபாத் ரோட்டில் போகும் லாரிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: 1991 ஆகஸ்டு மாதம், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல், ஸ்பானியல் ஜாதியைச் சேர்ந்த, ஏழு மாதமே ஆன கர்னல் என்னும் நாய், கூப்பிட்டவுடன் திரும்பி வரும்.

அறிவித்தவர் புருஷோத்தமன். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூபர்வைசர். பதினாறு வருஷம் சுற்றறிக்கை எழுதியவர், மனைவியிடமும் அப்படித்தான் பேசுவார்.

"வரலைன்னா?" என்றாள் லீலா.

"வரும்."

"வரலைன்னா எங்க அண்ணன் வந்து காஞ்சிவரத்துக்கு இட்டுக்கினு போயிடுவாரு. அவரு வூட்டுல சுத்துச்சுவர் கீது. இது லாரில அடிபட்டுக் கெடக்கறத என்னால பாக்க முடியாது."

நியாயம்தான். அந்த வாரத்தில் மட்டும் கர்னல் இரண்டு முறை ரோட்டுக்கு ஓடியிருந்தது. ஆனால் கர்னல் இல்லாத வீட்டை நினைத்தபோது புருஷோத்தமனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. புளி ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தார்.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் வறண்ட ஏரிக்குள் பயிற்சி. "கர்னல்! கம் ஹியர்!" அந்த வீட்டில் ஆங்கிலம் நாய்க்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. கர்னல் நீளக் காதுகளைத் தூக்கிப் பார்க்கும், அரை பர்லாங் தள்ளிப் போகும். அவர் துரத்திப் பிடித்து, "ராஸ்கல்" என்று திட்டி, சங்கிலி மாட்டி இழுத்துப்போய்க் குளிப்பாட்டுவார்.

நாலாம் நாள், அவர் லைனில் வேலை பார்க்கும் பச்சையப்பன் கரைமேல் சைக்கிளை நிறுத்தினான்.

"இன்னா சார், ஆளு வர மாட்டேங்குதா?"

"டிசிப்ளின் இல்லப்பா இதுக்கு."

"ஒண்ணு சொல்லுவேன், கோச்சிக்கக் கூடாது. போன மாசம் 'பச்சையப்பா, இங்க வா'ன்னீங்க. வந்தேன், மெமோ குடுத்தீங்க. இன்னொரு தபா கூப்டீங்க. ஞாயித்துக்கெழம ஓ.டி. போட்டீங்க. இப்பல்லாம் உங்க குரல் கேட்டா நான் பாத்ரூமுக்குள்ள பூந்துக்கறேன். நாய்க்கு மட்டும் மூளை இருக்கக் கூடாதா?"

புருஷோத்தமன் சங்கிலியைக் கையில் சுருட்டினார்.

"கூப்ட்டுக் கட்டாதீங்க சார். எதுனா துன்னக் குடுத்துட்டு மறுபடி வுட்ருங்க. அப்பவும் வரலைன்னா தொரத்தாதீங்க. நீங்க திரும்பி ஓடுங்க, அது தொரத்திக்கினு வரும்."

"நான் ஓடறதா? சூபர்வைசர்யா நான்!"

"அது அதுக்குத் தெரியாது சார்."

ஓடும் யோசனையை அவர் அந்தஸ்து நிராகரித்தது. ஆனால் டீக்கடைப் பொறை ரொட்டி பையில் ஏறியது. கூப்பிடு, பொறை, விடு. சனிக்கிழமைக்குள் பத்துக்கு ஏழு முறை வந்தது. உள்ளங்கையை அது நக்கி முடித்த பிறகும் அவர் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை, லீலாவின் அண்ணன் நரசிம்மன் புதுச் சங்கிலியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏரியில் முதல் முறை கூப்பிட்டதும் கர்னல் வந்தது. புருஷோத்தமன் மச்சானைப் பார்த்து மீசையைத் தடவினார். தடவி முடிப்பதற்குள் ஒரு கொக்கு எழுந்து ரோட்டுப் பக்கம் பறக்க, கர்னலும் பின்னாலேயே பறந்தது. தூரத்தில் லாரி ஹாரன்.

"கர்னல்! கம் ஹியர்!"

திரும்பவில்லை. ஆங்கிலம் தீர்ந்தது. "டேய் கண்ணு, வாடா! வந்துட்றா!"

அதற்கும் இல்லை. லீலா வாயைப் பொத்திக்கொண்டாள். சூபர்வைசர் லுங்கியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் தூக்கி, ஊளையிட்டுக்கொண்டே எதிர்த்திசையில் ஓடினார். பத்தடி போவதற்குள் மண்கட்டி தடுக்கிக் குப்புற விழுந்தார்.

கர்னல் நின்றது. தான் இல்லாமல் இப்படியொரு வேடிக்கையா? காதுகள் இரண்டும் படபடக்கத் திரும்பி ஓடிவந்து அவர் முதுகில் ஏறிப் பிடரியை நக்கியது. லாரி தன் பாட்டுக்குப் போனது. அவர் முழுப் பொறையையும் கொடுத்தார். கட்டவில்லை.

லீலா தூசி விழுந்ததாகக் கண்ணைத் துடைத்தாள். நரசிம்மன் சங்கிலியைப் பைக்குள் போட்டார். "நாய் வந்துடுச்சு மாப்ள. நீங்க எந்திரிங்க."

திங்கட்கிழமை, கூப்பிடும் கலையில் கரை கண்டவராக லைனுக்கு வந்த புருஷோத்தமன், பையில் பிஸ்கட் பொட்டலத்தோடு, "பச்சையப்பா, இங்க வாப்பா" என்று வாஞ்சையாகக் கூப்பிட்டார்.

பச்சையப்பன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.