மேட்டில் கிடந்த சிப்பி

ஹோசியா மாமா தாளையும் பேனாவையும் நெஸ்டாவின் மடியில் வைத்தார். கூட்டம் தொடங்க அரைமணி நேரம்கூட இல்லை.

"ரெண்டே வார்த்தை. புது நிலம்னு எழுதிக் குடு. உன்னப் படிக்க வச்சது எதுக்கு?"

"நீங்க எங்க மாமா படிக்க வச்சீங்க? அம்மா சிப்பி வித்துப் படிக்க வச்சா."

"வாய் மட்டும் நல்லாப் படிச்சிருக்கு."

அந்தத் தீவில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசுவது ஆண்கள் மட்டும். பெண்கள் தேவாலயக் கொட்டகைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். தலைநகர் ஹோனியாராவில் நிலவியல் படித்துத் திரும்பிய பிறகுதான் இது நெஸ்டாவின் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

போன வருஷ நிலநடுக்கத்தில் தீவு ஓர் ஆள் உயரம் எழும்பிவிட்டது. அம்மா வெசோலியின் வம்சம் சிப்பி பொறுக்கிய பவளப்பாறை, கடலுக்கு வெளியே வெளுத்துக் கிடந்தது. மரக்கம்பெனிக்கு அங்கே கட்டைகளைக் கப்பலேற்ற இடம் வேண்டும். பாறை தண்ணீருக்குள் இருந்தவரை பெண்களுடையது, காய்ந்தபின் யாருக்கும் சொந்தமில்லாத புது நிலம் என்பது மாமாவின் கட்சி.

நெஸ்டா பொறுமையாகவே சொன்னாள். கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு வருஷத்துக்கு அரைச்சாண் நகர்ந்து தீவுக்குக் கீழே நுழைகிறது. சிக்கிக்கொண்டு பல தலைமுறை நெருக்குகிறது. ஒருநாள் பிடி விட்டதும் தீவு துள்ளி எழுகிறது. இப்படி எழுந்து எழுந்துதான் மலையே வந்தது.

"மலையப் பத்தி எவன் கேட்டான்? கரைய எழுது" என்று சொல்லிவிட்டு மாமா கொட்டகைக்குள் போனார். அவள் வெறும் தாளை அவர் பின்னாலேயே கொண்டுபோய் மேசையில் வீசிவிட்டு வந்தாள்.

மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து, ஒரு கம்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, "வா" என்றாள். மலைமேல் கிழங்குத் தோட்டம். அங்கே எங்கே கொத்தினாலும் சிப்பி தட்டும். தோண்டி ஓரமாக உருட்டிவிடுவார்கள். கடல்பொருள் மலையேறியது எப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இருவரும் இருப்பதிலேயே பெரிய சிப்பியைக் கம்பில் கட்டித் தோள்மாற்றித் தோள்மாற்றி இறக்கினார்கள்.

அதற்குள் கூட்டம் தொடங்கியிருந்தது. அம்மா கொட்டகை வாசலில் நிற்கவில்லை. மகளோடு நேரே உள்ளே போய் அதை மேசையில் இறக்கினாள்.

"தம்பி, இது என் தோட்டத்துல கெடந்தது. அதுவும் புது நிலந்தானா? அப்ப மேட்டுல இருக்குற உன் வீடு யாரோடது?"

வெளியே போ என்று சொல்லவும் வழக்கம் இல்லை. இதற்குமுன் கூட்டம் நடக்கும்போது எவளும் உள்ளே வந்ததில்லை. நெஸ்டா கம்பை இன்னும் தோளில் வைத்திருந்தாள். சிப்பியின் மடிப்புகளிலிருந்து ஈரமண் உதிர்ந்தது. அடியில் மாட்டிய தாளின் ஒரு மூலை மட்டும் கடற்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.