மல்லாட்டைக் காடு

மயிலம் பக்கத்தில் பச்சைமுத்துவின் மூணு ஏக்கர் சவுக்கு வெட்டுக்குத் தயாராக நின்றது. அந்த நேரம் பார்த்து, வாங்க வேண்டிய பேப்பர் மில் அவர் பெயரை அடித்துவிட்டது. நாலு வருஷ வெள்ளாமை. விழுந்தடித்துக்கொண்டு திண்டிவனத்தில் இருந்த மில் ஆபீசுக்குப் போனார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கலைப்பிரியா ஃபாரத்தைக் காட்டினார்.

"சவுக்குக்கு முன்ன என்ன இருந்துச்சுன்னு எங்க ஆளு கேட்டதுக்கு, காடுன்னு சொல்லியிருக்கீங்க. தொண்ணூத்தி நாலுக்கு அப்புறம் காட்ட அழிச்சு வச்ச மரத்த நாங்க வாங்கறதில்லீங்க."

"ஐயோ, மல்லாட்டைக் காடும்மா, வேர்க்கடல போடற நெலம்! காட்டுக்குப் போறேன்னுதான தெனம் சொல்றோம்? புலி கரடி இருக்கிற காட்டையா சொன்னேன்?"

"அவரு அப்படித்தான் ஏத்திட்டாரு."

"பேஜாரு புடிச்ச ஃபாரம்! ஊரையே சாட்சிக்கு இட்டாரட்டுமா?"

"வேணாங்க. மேல ஒரு சாட்சி இருக்கு."

மில் ஆள் வரப்பைச் சுற்றி நடந்து எடுத்த அளவு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. அதே இடத்தை 1993இல் செயற்கைக்கோள் எடுத்த படம் திரையில் விரிந்தது. பொடிப்பொடிக் கட்டங்கள். தை மாதம். எல்லாம் பச்சை.

"பச்சையா கீதே. போச்சு."

"இருங்க."

அடுத்த படம் சித்திரை. நிலத்தை ஒட்டிய குன்று ஓரத்து மரங்கள் அப்படியே கரும்பச்சை. அவர் நிலம் மட்டும் வெறும் செம்மண்.

"காடா இருந்தா இப்படி மொட்டையா மாறாதுங்க. அறுவடை ஆயிருக்கு. நீங்க சொன்னது நெசம்."

பச்சைமுத்துவுக்கு மேல் எல்லாம் சிலிர்த்தது. அந்தத் தையில் அவரும் மனைவி பவுனும் குனிந்து களை எடுத்திருக்கிறார்கள். மேலே ஒன்று போனது தெரியாது. அது பார்த்ததை முப்பது வருஷமாக மறக்கவில்லை.

கலைப்பிரியா 'காடு' என்பதை அழித்து 'மல்லாட்டை நிலம்' என்று ஏற்றினார். அவர் பெயர் மறுபடி பட்டியலில் வந்தது. ஆனால் பச்சைமுத்து எழுந்திருக்கவில்லை.

"அந்தக் குன்று ஓரத்த யாராச்சும் மொட்டையடிச்சா?"

"அடுத்த படத்துலயே தெரிஞ்சிரும். அங்கேர்ந்து வர்ற மரத்த எடுக்க மாட்டோம்."

"போன மாசம் ஒரு கிளை..." என்று இழுத்தார்.

"கிளையெல்லாம் தெரியாதுங்க!" சிரித்துவிட்டார் கலைப்பிரியா.

வெளியே வந்து உச்சிவெயிலில் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இல்லை, வெறும் நீலம். போனை எடுத்தார்.

"பவுனு, சவுக்கு போவுது. அத்த வுடு. நீ களையெடுத்த காடு, தொண்ணூத்தி மூணுல இருந்தாப்பலயே மேல கீதுடி!"