மூன்று நாள் வீடு

வண்டியைக் கண்டதும் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று முப்லிஹாவுக்குத் தெரியவில்லை. புருஷன் ஃபோனில் காட்டிய படத்தில் அது வேறு மாதிரி இருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், ஜன்னலில் குஞ்சம் வைத்த திரை, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி கோப்பையைக் கையில் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லடிக்கு நேரில் வந்து பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி இடுப்பொடிந்த ஒரு பழைய வேன் நிற்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தாலும் ‘பாடசாலைச் சேவை’ என்ற எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு பலகைக் கட்டில், சோற்றுக் கோப்பை அளவில் ஒரு சிங்க், கூரையில் தொங்கும் கலர் பல்புகள், கூடவே கருவாட்டு மணம். வெள்ளைக்காரியை மட்டும் காணவில்லை.

“நானா, இது வேன் இல்ல, உருளுற வீடு,” என்றான் வண்டிக்காரன் நிலோஜன், அவளுடைய புருஷனிடம்.

“உருளுற வீட்டுக்குள்ள கருவாடு என்னத்துக்குத் தம்பி?” என்று முப்லிஹா கேட்டாள்.

“கதிரவெளிப் பக்கம் போன ஆக்கள் வாங்கி ஏத்தினது அக்கா. ரெண்டு நாளையில போயிரும்.”

“நாங்க எடுக்கிறதே மூண்டு நாளைக்கு. ரெண்டு நாள் மணத்துக்கு, ஒரு நாள் எங்களுக்கா?”

நிலோஜன் சிரித்து மழுப்பினான். அவளுடைய புருஷன் முத்தலிப்புக்கு இந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. அவர் கல்யாணக் காவின் எழுதுகிற புது மாப்பிள்ளையைப் போல வாடகைக் கடதாசியில் நிதானமாகக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். வண்டித் திறப்பை நிலோஜன் ஒரு கையால்தான் நீட்டினான். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஷேர்ட் பொக்கெட்டில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயது மனிசன்!

முப்லிஹா செருப்போடு படியில் கால் வைத்தாள்.

“புள்ள, செருப்பக் கழட்டிட்டு ஏறு,” என்றார் முத்தலிப்.

“என்னத்துக்கு? பள்ளிவாசலா இது?”

“ஊடு மாதிரித்தானே.”

“நல்ல ஊடு!” என்று சொல்லிவிட்டு அவள் செருப்போடுதான் ஏறினாள். போகிற இடமாவது உருப்படியான இடமா என்றால் அதுவுமில்லை. நுவரெலியா இல்லை, எல்ல இல்லை. காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டி, டவுனைச் சுற்றி, வலையிறவுப் பாலத்தையும் தாண்டினால் வவுணதீவுப் பக்கம். அங்கே வாவிக்கரையில் ஒரு காணியைச் செதுக்கி, இரண்டு கக்கூசும் ஒரு கரண்ட் தூணும் போட்டு ‘ஃபமிலி காம்பிங்’ என்று போர்ட் நட்டிருந்தார்கள். ‘முதலை கவனம்’ என்று பக்கத்தில் இன்னொரு போர்ட். இறங்கி நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊர்ப் பள்ளிவாசல் மினாரா அப்படியே தெரிந்தது. சொந்த ஊரை எதிர்க்கரையில் நின்று பார்ப்பதற்கு ஒரு வண்டி, ஒரு வாடகை, மூன்று நாள் லீவு. இந்தப் புத்தியை அவருக்கு யார் கொடுத்தது என்று அவள் வழி முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

முத்தலிப் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஏசி திருத்தியவர். அந்த உழைப்பெல்லாம் காத்தான்குடியில் ஒரு மாடி வீடாக நிற்கிறது. வீடு நிற்கிற காணி முப்லிஹாவின் தாய் கொடுத்தது. மூத்தவள் அகீலாவுக்குக் கல்யாணம் பேசியபோது அந்த வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதில் புதினம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் வீடு என்றால் பெண் பிள்ளைக்குத்தான். ஆம்பிளை பிறப்பது உம்மா வீட்டில், கல்யாணம் முடிப்பது பெண்சாதி வீட்டில், கடைசியில் ஒதுங்குவது மகள் வீட்டில். முத்தலிப்பின் உம்மா வீடும் ஓட்டமாவடியில் அவருடைய உடன்பிறந்த மூத்த ராத்தா ஆசியா உம்மாவுக்குத்தான் போனது. எழுதுகிற நாளில் ‘முழு வீட்டையும் எழுதுங்க, மாப்பிள்ளைப் பகுதி பிறகு குறை சொல்லப்படாது’ என்று நின்றவள் முப்லிஹா. அவர் அப்படியே கையெழுத்து வைத்தார். இப்போது இருவரும் அந்த வீட்டில் ஒரு ஓரத்து அறையில் இருக்கிறார்கள்.

மருமகன் அம்ஜத் டவுனில் ஃபோன் கடை வைத்திருப்பவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, யோசிக்கத் தெரியாதவன். போன மாதம் கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டான். இரண்டு திறப்பு, ஒன்று அவனுக்கு, மற்றது அகீலாவுக்கு. அஸர் தொழுதுவிட்டு வரும் முத்தலிப் கேற்றில் தட்டுவார். “கொஞ்சம் வெளியில நில்லுங்க வாப்பா, துறப்பத் தேடுறன்,” என்று உள்ளேயிருந்து அகீலா குரல் கொடுப்பாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்பார். முப்லிஹா அதை அறை ஜன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். இந்த மனிசனுக்கு ரோஷமே இல்லையா என்று அவர்மேல்தான் அவளுக்கு எரிச்சல் வரும்.

வெள்ளி பின்னேரம் மகள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து வாவிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். கட்டில் யாருக்கு என்ற பேச்சு வருமுன்னே, “மருமகன் கட்டிலில படுக்கட்டும்,” என்று முப்லிஹாவே சொன்னாள். பழக்க தோஷம். அம்ஜத்தும் அகீலாவும் குழந்தை இன்ஷிராவும் கட்டிலில், அவள் கீழே பாயில். முத்தலிப் டிரைவர் சீற்றில் சாய்ந்து, பொக்கெட்டில் கை வைத்தபடி விடியும்வரை கிடந்தார்.

காலையில் அவர்தான் முதல் ஆள். வண்டிக்குப் பக்கத்தில் மழைக்குத் தறப்பாள் கட்டி, காஸ் அடுப்பைப் பற்றவைத்து, வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார். மூன்று பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹனையும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

“இதென்ன, கல்யாண ஊட்டுச் சமையலா?” என்றாள் முப்லிஹா.

“ராத்தாவப் பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிரிக்கன்.”

“எங்க?”

“இஞ்சதான். ஊட்டுக்கு.”

முப்லிஹாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. “அல்லாஹ்வே! இந்தத் தகரத்தக் காட்டவா ஓட்டமாவடியிலரிந்து வயசுபோன மனிசியக் கூப்பிட்டீங்க? பள்ளிக்கூட வேனுக்குள்ள விருந்தாம்!”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அகீலாக்கு ஊட்ட எழுதின பொறகு ராத்தா மூணு வருஷமா வரல்ல புள்ள. மகள்ட ஊட்டுல நீயே ஒதுங்கி இரிக்காய், நானும் வந்து குந்தவா எண்டு கேட்டா. இது மூணு நாளைக்கு என்ட பேர்லதானே இரிக்கு? கடதாசியிலயும் என்ட பேர்தான். ஒரு நாளைக்கெண்டாலும், என்ட ஊட்டுக்கு வாங்க ராத்தா எண்டு கூப்பிட்டுப் பாக்கணும் போல இரிந்திச்சு.”

அவளுக்கு வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல காரமான பதில். அதையும் தூக்கிக்கொண்டு கோழியைக் கழுவப் போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு ஒரு பாட்டம் மழை கொட்டி விட்டது. நெய்ச்சோறு இறங்கியிருந்தது. கறி கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கென்று பெரிய கோழிக்காலாக ஒன்றை முப்லிஹா சின்னப் பீங்கானில் தனியே மூடி வைத்தாள். அந்த மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டே தறப்பாளுக்குள் வந்தான்.

“மாமா, வண்டித் துறப்பத் தாங்க. கூட்டாளிமார் பாசிக்குடாவுல நிக்காங்களாம். வண்டியக் காட்டி ஒரு வீடியோ எடுத்துட்டு ஒரு மணித்தியாலத்துல வாறன்.”

பாசிக்குடா போய் வர ஒரு மணித்தியாலமாம்! ஆகாயத்தால் போவான்போல.

“ராத்தா வாறா மகன்,” என்றார் முத்தலிப். “ஊட்டக் காட்டத்தான் வரச் சொன்ன.”

“வரட்டுமே மாமா. அதுக்குள்ள வந்துருவன். இல்லாட்டியும் மரத்தடி இரிக்குத்தானே, நல்ல காத்து.”

முத்தலிப் முப்லிஹாவைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாப்பிள்ளைக்கு எதிர்ச்சொல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அவளுடைய உம்மாவுக்கும் பழக்கமிருந்ததில்லை. அவள் கறிச்சட்டியைப் பார்த்தாள், உப்புப் பார்க்கிறவள் மாதிரி. அவர் பொக்கெட்டிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். அம்ஜத் அதை விரலில் சுழற்றிக்கொண்டு போனான். அகீலாவும் இன்ஷிராவும் ஏறினார்கள். உருளுற வீடு உருண்டு போய்விட்டது.

சுற்றிவர மண் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. வண்டி நின்ற இடம் மட்டும் நீட்டுக்குக் காய்ந்து, வெளுத்து, நாலு மூலையும் நாலு சில்லுத் தடமுமாக இருந்தது. முத்தலிப் அதன் ஓரத்தில் போய் நின்றார். கை தன்பாட்டில் ஷேர்ட் பொக்கெட்டுக்குப் போய், தட்டி, வெறுமையாகத் திரும்பி வந்தது. ரோஷம் கெட்ட மனிசன் என்று நினைக்கத்தான் முப்லிஹா தொடங்கினாள். நினைக்க முடியவில்லை. கேற்றில் தட்டுகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஜன்னலுக்குள் சும்மா நின்றவள் ஆர்? முழு வீட்டையும் எழுதச் சொன்னவள் ஆர்? திட்டித் திட்டிப் பழகிய நாக்கு முதல் தடவையாக அவள் பக்கமே திரும்பியது. அது நன்றாகவே கடித்தது.

பன்னிரண்டரைக்கு ஓட்டோ வந்து நின்றது. ஆசியா உம்மா ஒரு கையில் தயிர்ச் சட்டி, மறு கையில் புதுச் சீலைத்துணியில் முடிந்த ஒரு பொதியோடு இறங்கினார். புது வீட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா? ஜன்னலுக்குப் போட இரண்டு திரைச்சீலை தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“எங்க தம்பி, ஒன்ட ஊடு?”

முத்தலிப் வாயைத் திறந்தார். பிறகு காய்ந்து கிடந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார். கண்கள் நிறைந்து போயின. ஆசியா உம்மா தறப்பாளைப் பார்த்தார், கக்கூசைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். திரைச்சீலைப் பொதியை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

முப்லிஹாவுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாயை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். அந்தக் காய்ந்த நீட்டு மண்ணின் ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். வண்டியின் படி இருந்த இடம் அது. அங்கே இரண்டு செருப்பையும் கழற்றி ஒழுங்காக ஒதுக்கி வைத்தாள். பிறகு வெறுங்காலோடு உள்ளே போய், நடுவில் பாயை விரித்தாள்.

“வாங்க மதினி, இதுதான் ஊடு. செருப்ப அங்கயே கழட்டிட்டு வாங்க. உள்ள செருப்போட வந்தா ஒங்கட தம்பிக்குப் புடிக்காது.”

ஆசியா உம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

முத்தலிப்பும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய்க்கு வந்தார். “வாங்க ராத்தா,” என்றார். “என்ட ஊட்டுக்கு வாங்க.”

சஹனைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஆசியா உம்மா திரைச்சீலைப் பொதியை எடுத்து முப்லிஹாவின் மடியில் வைத்தார். பாதிச் சாப்பாட்டில் ஹோன் சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலத்தில் வருகிறவன் இரண்டரை மணித்தியாலம் கழித்து வந்திருந்தான். கரண்ட் தூணுக்குப் பக்கத்தில் அந்த இடம்தான் வேண்டும் என்று வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்தான். பாயைக் கண்டதும் பிறேக் போட்டு மறுபடி ஹோன் அடித்தான். பிறகு தலையை வெளியே நீட்டினான்.

“மாமி, கொஞ்சம் எழும்புங்க. வண்டிய விடணும்.”

முத்தலிப் பழக்கத்தில் எழும்பக் கையை ஊன்றினார். முப்லிஹா அவருடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். மூடி வைத்த சின்னப் பீங்கானைத் திறந்து, மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்த கோழிக்காலை சஹனில் ஆசியா உம்மாவின் பக்கம் வைத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

“ஊட்டுக்குள்ள ஆக்கள் சாப்பிடுறாங்க மகன்,” என்றாள். “கொஞ்சம் வெளியில நில்லுங்க.”