தொலைநோக்கிக் கவ்வி

வரலட்சுமி எதையும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல. திருமழிசைத் தொழிற்பேட்டையில் அவள் நடத்திய லேத் பட்டறைக்குப் பட்டணத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்திருந்தது: ரைஃபிளின் மேல் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கவ்விகள். ஆயுதச் சட்டத்தைத் திருத்தித் திருத்திக் கடுமையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கவ்வியும் துப்பாக்கியின் பாகம்தான், உரிமம் வேண்டும் என்றார் வக்கீல். வெறும் வளையத்துக்கு உரிமமா என்று சிரித்தார் கடைக்காரர். வக்கீல் சொன்னது சரியென்றால், பட்டறையின் ஒரே லேத்தையும் ஆயுதம் செய்யும் இயந்திரமென்று சீல் வைத்துவிடலாம். ஆகவே மாதிரிக்கு ஒன்றைக் கடைந்ததோடு நிறுத்திவிட்டு, காவல் நிலையத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அவ்வாண்டு செய்த புதுச் சாமானை வேலை செய்கிற நிலையிலேயே சாமி முன் வைப்பது அந்தப் பட்டறையின் வழக்கம்; கீல் என்றால் கதவோடு, மூடி என்றால் பம்போடு. லேத் ஓட்டும் டர்னர் துலுக்கானம் வழக்கத்தைத் துளியும் பிசகவிடவில்லை. பட்டறையின் பழைய வாடிக்கைக்காரர் பருத்திப்பட்டு ஜானகிராமனின் உரிமம் பெற்ற ரைஃபிளை வரவழைத்து, கவ்வியைப் பூட்டி, தொலைநோக்கியையும் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்துச் சரஸ்வதி படத்தடியில் சாத்திவிட்டார். ஜானகிராமனோ, தம் காருக்குப் பூஜை போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். வரலட்சுமி தேங்காய் வாங்கித் திரும்பியபோது, வருஷா வருஷம் பொரி வாங்க வரும் ஏட்டு ஆனந்தன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சரஸ்வதிக்கு வீணை பத்தலனு துப்பாக்கி குட்த்துக்கீறீங்க?"

வரலட்சுமி பொரிப் பொட்டலத்தை ஏட்டின் கையில் கொடுத்துவிட்டு, ஜானகிராமனுக்கு ஆள் அனுப்பினாள்.

"அவுரு வரட்டும், எல்லாரும் ஸ்டேஷனுக்கே போலாம். நான் எய்திக் கேட்டு எம்மா நாளாச்சி. இன்னிக்கு பதில் வாங்கினுதான் வருவேன்."

ஆய்வாளர் முதலில் ஜானகிராமனைப் பிடித்துக்கொண்டார். பிறர் இடத்தில் துப்பாக்கியை விட்டுப் போனதற்கு விளக்கம் எழுதி வாங்கி, ரைஃபிளை நிலையத்திலேயே வைத்துக்கொண்டார். அது நியாயம்தான் என்று வரலட்சுமிக்கும் பட்டது. பிறகு அவள் கவ்வியைப் பற்றிக் கேட்டாள். அவர் அதைக் கழற்றி உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். மேலிடத்தில் கேட்டதாகவும், அங்கே ஒருவர் ஆமென்றும் ஒருவர் இல்லையென்றும் சொல்வதாகவும் தெரிவித்தார். அதன்பின் குரலைத் தாழ்த்தி, பில்லில் பைப் கிளாம்ப் என்று போட்டுக்கொண்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை என்று யோசனையும் சொன்னார்.

"வேணாம் சார். பொய்ப் பேரு போட்டா, தப்புனு நானே ஒத்துக்கின மாரி ஆவும். செய்யாதேனு எய்திக் குடுங்க, இன்னிக்கே நிறுத்திட்றேன்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்று சற்று யோசித்தார். மூடி வைத்தார்.

"அப்டி எழுதறதுக்கு ரூல் இல்லியேம்மா."

"அப்போ செய்யறதுக்கும் தடை இல்ல சார்" என்று எழுந்தாள் வரலட்சுமி.

விஜயதசமியன்று காலையில் லேத்தை ஓட்டச் சொன்னாள். துலுக்கானத்துக்குக் கை வரவில்லை. நாளைக்கே ரூல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"வந்தா அன்னிக்கு நிறுத்திக்கலாம் அண்ணாத்தே. யாரு செஞ்சதுனு அவுங்க தேடினு அலையத் தேவையில்ல."

ஆர்டருக்கான முதல் கவ்வி சூடு ஆறாமல் இறங்கியது. வரலட்சுமி எழுத்து அச்சுகளை எடுத்து, பட்டறையின் பெயரையும் ஊரையும் அதன் மேல் நன்றாகத் தெரியும்படி தன் கையாலேயே அடித்தாள்.