வெறுங்கையில் மல்லி

மல்லி என்றுதானே சொன்னார் பாய், சொன்னால் மல்லியாகத்தான் இருக்கும், அதிலென்ன சந்தேகம், ஆனால் வெறுமனே நல்லாருக்கு என்று சொன்னால் ஜாஸ்பின் முகம் சுருங்கிவிடும், கூட ஒரு வார்த்தை போட்டுச் சொல்லவேண்டும்... சாலமன்ராஜ் மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை வேறு மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, "அடேங்கப்பா, அசல் மதுரை மல்லியில்ல இது" என்றான். ஜாஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, அது வெறுங்கை. பாய் தடவுனது இந்தக் கையில. நீங்க அந்தக் கைய மோந்து பாத்துட்டு மதுரைங்கிறீக." அத்தர்க் கடை பாய் கண்ணாடிக் குச்சியைச் சீசாவுக்குள் விட்டபடியே, "விடுங்க தங்கச்சி, உங்க தலையில இருக்குற பூவச் சொல்லியிருப்பாரு" என்று சமாளித்தார். அவள் தலையில் பூவே இல்லை. நைட் டியூட்டி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து நிற்கிற நர்ஸ் தலையில் பூ எங்கிருந்து வரும், அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே எண்ணெய் பளபளக்கிற அந்த இன்னொரு கையை நைசாக மூக்கருகே தூக்கினான். ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம், லேசான எண்ணெயாக இருக்கும், இந்தக் காலத்தில் எதில்தான் கலப்படம் இல்லை, தெப்பத்துக்குப் பக்கத்துச் சந்தில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர் அப்படிச் செய்வாரா, செய்யமாட்டார், அப்புறம் ஜாஸ்பின் எப்படிக் கண்ணைச் சொருகிக்கொண்டு மோந்து பார்க்கிறாள், அவள் கையிலும் அதே மல்லியைத்தானே தடவியிருக்கிறார். "தேய்க்காதீக தங்கச்சி, தேய்ச்சா வாசம் செத்துரும், தானாக் காயட்டும், ஒவ்வொருத்தர் தோலுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும்" என்கிறார் பாய். அவள் தன் கையை மோந்துவிட்டு அவன் கையை இழுத்து மோந்தாள். "பாத்தீகளா, எங்கிட்ட பூவா இருக்கு, உங்ககிட்ட வந்ததும் அடியில ஒரு கரி வாசம் ஏறிருச்சு. பட்டாசு மாப்ளைக்கு மல்லி சரிப்படாது பாய், சந்தனத்த எடுங்க." பட்டாசு மாப்ளை, அந்தப் பேரைக் கழற்றத்தானே இத்தனை பாடும். திங்கட்கிழமை அவள் தம்பி காலேபுக்குக் கல்யாணம், சர்ச்சில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அத்தான்காரன் நிற்கவேண்டும், போன கல்யாணத்தில் அவள் பெரியப்பா மகள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அக்கா, அத்தானப் பாத்தா தீவாளி வந்துட்ட மாதிரி இருக்கு என்று சொன்னாளே, அந்தப் பேச்சு ஜாஸ்பினுக்கு இன்னும் ஆறவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் சென்ட், பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் கூடாது என்பதால் அவன் இதையெல்லாம் தொட்டதே கிடையாது. தொட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்குமோ... என்ன தெரிந்திருக்கும், சும்மா இரு, ஒன்றுமில்லை.

சந்தனம் முழங்கை மடிப்பில் ஏறியது, ஜவ்வாது புறங்கையில் ஏறியது, குச்சி தொட்ட இடமெல்லாம் குளிர்ந்தது, குளிர்ச்சி தெரிகிறதே, ஈரம் தெரிகிறதே, மினுமினுப்பு தெரிகிறதே, அது மட்டும் எங்கே போனது. நல்லாருக்கு, நல்லாருக்கு, இதுவும் நல்லாருக்கு. பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணே, நாலஞ்சு மோந்து பாத்தா யாருக்கும் மூக்கு மரத்துப் போகும். உங்க சட்டைக் கைய ஒரு இழுப்பு இழுத்துட்டு வாங்க, சொந்த வாசம் பட்டா மூக்கு திரும்பிரும்." நல்ல யோசனைதான். தோள்பட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சட்டைத் துணியை மூக்கில் அழுத்தினான். காலையில் கம்பெனிக்குப் போட்டுப் போன சட்டை, கந்தகமும் அலுமினியப் பொடியும் வேர்வையும் ஊறின சட்டை, வீட்டுக்குப் போனால் பிள்ளைகள்கூடக் குளித்துவிட்டு வா என்று விரட்டுகிற சட்டை. துணி மூக்கில் சொரசொரவென்று உரசியது. வெறும் துணி. கடையில் அப்போதுதான் வெட்டி எடுத்த துணிபோல, யாரும் உடுத்தாத துணிபோல, ஒன்றுமில்லை, ஐயோ, ஒன்றுமே இல்லையே.

ஆடி மாதம் காய்ச்சல் வந்ததே, அதிலிருந்தா? காய்ச்சல் விட்ட பிறகு சாப்பாடெல்லாம் மண்ணாக இருந்தது, வாய் கசந்துபோயிருக்கும், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று ஜாஸ்பினே சொன்னாள், சரியாகிவிட்டது என்று நினைத்தான், உப்புத் தெரிகிறது, காரம் தெரிகிறது, அதற்குமேல் என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு, என்ன இன்னைக்கு வெறும் புளிக்குழம்பா என்று கேட்டானே, தட்டில் கிடந்த கருவாட்டைப் பார்க்காமல் கேட்டதற்கு அவள் எப்படித் திட்டினாள். பால்... அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகிப் புகை கண்ணைக் கரித்த பிறகுதான் நிமிர்ந்தான், எதுத்த வீட்டு ஞானபூரணி டீச்சர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்கள், எருமை மாடு மாதிரி உக்காந்திருக்கீகளே என்றாள் ஜாஸ்பின், சீசன் நேரம், லோடு நினைப்பு, புத்தி எங்கேயோ இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். புத்தியெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. அடப்பாவி, இவ்வளவு நாளாக முகத்தின் நடுவில் ஒரு செத்த மூக்கைத் தூக்கிக்கொண்டா திரிந்தாய்.

சரி, போனால் போகட்டும், மூக்குதானே, கண்ணா போய்விட்டது, காதா போய்விட்டது என்று நினைக்கப் பார்த்தான், அந்த நினைப்பு பாதியிலேயே நின்றது. காலையில்... இன்று காலையில்... மருந்து ரூம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனியில் அவன் போர்மேன், பட்டாசு மருந்துக் கலவை மிஞ்சினால் அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது விதி, நேற்றுச் சாயங்காலம் அடைமழை பிடித்துக்கொண்டதால் அழிக்க முடியாமல் அரை வாளி கலவை அந்த ரூமிலேயே தங்கிவிட்டது. கலவையில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே சூடாகும், புகையாது, நிறம் மாறாது, கண்ணால் பார்த்தால் நேற்றுப் பார்த்த மாதிரியேதான் இருக்கும், மூக்குக்கு மட்டும்தான் தெரியும், பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் பக்கம் போனதுபோல் சுரீரென்று ஒரு நெடி, அது அடித்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடவேண்டியதுதான். அதனால்தான் மழை பெய்த மறுநாள் யாரும் ரூமுக்குள் கால் வைக்குமுன் அவன் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டு மோந்து பார்ப்பான், எல்லோரும் தள்ளி நிற்பார்கள், அவன் தலையை வெளியே எடுத்து, ஒண்ணுமில்ல, போங்க என்பான், அப்புறம்தான் வேலை. நாய்க்குக்கூட இப்படி மூக்கு கிடையாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் தலையை விட்டான், இழுத்தான், ஒண்ணுமில்ல என்றான். ஆடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்லதான், நம்ம கம்பெனியில் கலவை எம்புட்டுச் சுத்தம் என்று பெருமை வேறு. நெடி இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை, மூக்கு இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை, இரண்டுக்கும் விடை ஒன்றாக வருகிற வேலையில் இருந்துகொண்டு இத்தனை நாள் எதை மோந்து பார்த்தாய் சாலமன். வாசம் இருந்தே ஆகவேண்டிய ஓர் இடத்தில் வந்து நின்ற பிறகல்லவா தெரிகிறது. அரை வாளியை மத்தியானம் வெயிலேறினதும் அழித்துக்கொள்ளலாம், அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று மருந்து கலக்கிற மணிமுத்துவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அடுத்த ரூமில் பஞ்சம்மாளும் மற்றப் பெண்களும் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருப்பார்கள். மழை ஓய்ந்து வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

போனை எடுத்தான், எண்ணெய் விரலுக்குத் திரை திறக்கமாட்டேன் என்றது, வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். மணிமுத்துவுக்கு அடித்துப் பிரயோஜனமில்லை, எல்லோருடைய போனும் கேட்டில் வாட்ச்மேன் ரூம் பெட்டிக்குள் கிடக்கும், கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று நேற்றுக்கூடச் சத்தம் போட்டவனே அவன்தான். வாட்ச்மேன் தங்கச்சாமிக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, போர்மேனுக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் நாளைக்கே வேறு ஆளைப் போடுவார்கள், சாலமன்னா மூக்கு, மூக்குன்னா சாலமன் என்று ஊரெல்லாம் இருக்கிற பேர் என்னாவது, அதைச் சொல்லாமலே ஆட்களை வெளியே கொண்டுவந்தால் போதாதா... சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து செக்கிங் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிட்டாய்ப் பறப்பார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். கர்த்தரே. செக்கிங் என்றால் ஓடமாட்டார்களே, செக்கிங் என்றால் முதல் வேலையாக மிச்ச மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்துவைப்பார்களே, தூக்குகிறவன் மணிமுத்துவாகத்தான் இருப்பான், நெஞ்சோடு அணைத்துத் தூக்குவான். "சொல்லுங்க போர்மேன், கல்யாண ஜவுளியெல்லாம் எடுத்தாச்சா?" என்றார் தங்கச்சாமி.

"அண்ணே, மணிமுத்துவ ஓடிவரச் சொல்லுங்க, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க, ஒருத்தர் விடாம. யாரும் மருந்து ரூம் பக்கம் போகக் கூடாது, வாளியத் தொடக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது, முள்வேலி வரைக்கும் போயி நிக்கணும், ஓடுங்கண்ணே." ஜாஸ்பின் கையில் வைத்திருந்த சீசாவைக் கீழே வைத்துவிட்டாள், பாய் குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். போனில் செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, ஏலே வாங்கலே வெளிய என்று தூரத்தில் தங்கச்சாமியின் குரல், பஞ்சம்மாள் எதற்கோ வைகிற குரல், யாரோ ஒரு பெண் என் தூக்குவாளி உள்ள இருக்கு என்கிறாள், கிடக்கட்டும் தாயி, கிடக்கட்டும், அவன் இங்கே சந்துக்குள் நின்று கத்தினான். அப்புறம் மணிமுத்து வந்தான். "அண்ணாச்சி, எல்லாரும் வேலிகிட்ட வந்தாச்சு. என்னாச்சு, காலையில நீங்க மோந்துதான பாத்தீக?" ஜாஸ்பின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நர்ஸ் அல்லவா, கருவாடும் பாலும் அவளுக்கும் இப்போது வரிசையாக வந்து நின்றிருக்கும். "எனக்கு மோப்பம் போயிருச்சு மணி. ஒண்ணும் தெரியல. ஆடியிலருந்தே தெரியல போலருக்கு. காலையிலயும் தெரியாமத்தான் சொன்னேன்."

திட்டப்போகிறான், திட்டட்டும், செருப்பால் அடிக்கிறேன் என்று சொல்லட்டும், வாங்கிக்கொள்வேன்... மணிமுத்து திட்டவில்லை, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான். "கதவத் தொறந்ததுமே எனக்கு லேசா ஒரு நெடி தட்டுச்சு அண்ணாச்சி. பஞ்சம்மாக்காகூட மூஞ்சியச் சுளிச்சுச்சு. நீங்களே ஒண்ணுமில்லன்னுட்டீகளா, சரி, உங்களுக்குத் தெரியாததா நம்ம மூக்குக்குத் தெரிஞ்சிறப் போகுதுன்னு விட்டுட்டோம்."

சாலமன்ராஜ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். தெரிந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்புட்டு மூக்கும் நன்றாக இருந்திருக்கிறது, நல்ல மூக்குகளையெல்லாம் அவனுடைய கெட்ட மூக்கு ஒரே வார்த்தையில் வாயடைத்து உள்ளே அனுப்பியிருக்கிறது. எத்தனை காலை அப்படி அனுப்பினான், எந்தெந்தக் காலையில் யார் யார் முகம் சுளித்தார்கள், தலையை வெளியே எடுத்ததும் அவர்கள் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் போதுமே, பார்த்தானா, கதவைத் திறந்த சாவியைத்தானே பார்த்தான். "வச்சிராத மணி, லைன்லயே இரு" என்றான். ஜாஸ்பின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், மல்லியும் சந்தனமும் ஜவ்வாதும் ஏறின கை, அவளுக்கு எல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். "என்ன கேக்குது?" என்றாள் காதோரம். அவன் போனைக் காதில் வைத்து அழுத்தினான். வேலிப் பக்கம் காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது, பஞ்சம்மாள் பேச்சையும் காணோம், வெடிச் சத்தமும் இல்லை. ஒண்ணுமில்ல என்று சொல்ல வாயெடுத்தான், வழக்கமாகச் சொல்கிற மாதிரியே வந்துவிட்டது அந்த வார்த்தை, உதட்டிலேயே அதைப் பிடித்து நிறுத்தினான். பிறகு போனை அவள் காதில் வைத்து, "நீ கேட்டுச் சொல்லு" என்றான்.