எந்த நாட்டுக்கும்

ராஜகோபுரத்துக்கு மேலே டிரோன் பறக்கவிட்ட வெள்ளைக்காரனை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குள் இழுத்து வந்தார்கள். அவன் சொன்ன முதல் வாக்கியமே சப்-இன்ஸ்பெக்டர் பூரணியைச் சுருக்கென்று தைத்தது.

"என் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள். அது என் உரிமை."

பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். உலகத்துக்கே நாட்டாமை செய்கிற அதே வல்லரசு! அங்கே படிக்கப் போன அவள் தம்பி ஹரிபிரசாத்தை, ஏதோ ஊர்வலத்தில் நின்றான் என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எந்தச் சிறை, உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. இந்தியத் தூதரகம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பதிலே இல்லை.

ஏட்டு ஆரோக்கியராஜ் கதவைச் சாத்தினார். "போனை எடுக்காதீங்க மேடம். நாலு நாள் உள்ளேயே கிடக்கட்டும். தம்பிக்கு அவங்க செஞ்சதுதானே?"

"சட்டம் இருக்கு ஏட்டையா."

"அவங்க மதிச்சாங்களா? பெரிய வீட்டு நாய் கடிச்சாலும் கேள்வியில்ல, நம்ம நாய் குரைச்சாலே கேஸு!"

பூரணி ரிசீவர்மேல் கை வைத்தாள். சொல்லாமல் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால், இவனை மறைத்தால் ஹரியை மறைத்ததும் சரியென்று ஆகிவிடாதா?

டயல் செய்தாள்.

தூதரகப் பெண் அதிகாரி எடுத்த எடுப்பிலேயே சீறினாள். "உடனே அவனோடு நான் பேச வேண்டும். கைதானவரோடு அவர் நாட்டுத் தூதரகம் பேசலாம் என்பது சர்வதேச ஒப்பந்தம். மீற எந்த நாட்டுக்கும் உரிமையில்லை!"

"எந்த நாட்டுக்கும்?"

"எந்த நாட்டுக்கும்!"

"இதோ, பேசுங்கள். முடிந்ததும், இப்போது சொன்னதை அப்படியே மெயிலில் அனுப்புங்கள்."

மெயில் வந்தது. ஹரியின் விவகாரத்தைப் பார்க்கும் டெல்லி வெளியுறவுத்துறை அதிகாரி ஸ்ரீரங்கராஜனுக்கு அதைத் தட்டிவிட்டாள். உடனே அவரே கூப்பிட்டார்.

"பலே! அவங்க ஆளுங்க ஊர் உலகமெல்லாம் சுத்தறாங்கம்மா. இந்த ஒப்பந்தம் செத்தா முதல்ல மாட்டறது அவங்கதான். இதை வச்சே கேக்கறோம். ஆனா, நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

அன்று வேறு தகவல் வரவில்லை. மறுநாளும் போன் ஊமையாகவே கிடந்தது. மாலையில் மாம்பழச் சாலையில் டிராஃபிக்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அது அலறியது. நீளமான வெளிநாட்டு நம்பர்.

"அக்கா..." குரல் கரகரத்தது. "நம்ம தூதரகத்து ஆளு எதிர்ல உக்காந்திருக்காரு. வெளிய விடல. ஆனா, இனிமே என்னை இல்லன்னு சொல்ல முடியாதாம்."

டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. பூரணி நடுரோட்டைவிட்டு நகரவில்லை.

"பேசுடா... பேசிக்கிட்டே இரு."