புயலுக்கு அவிழ்த்துவிட்ட நிலம்

வடக்கனந்தல் ஏரியில் மிதந்துகொண்டிருந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் நின்றால் கடல் தெரிந்தது. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கரும்பும் செல்போன் கோபுரமும்தான் தெரியும். நிலத்தில் ஏறிவிட்டால் வங்காள விரிகுடா தெரியும், வலை இழுக்கிறவர்களின் கைலி நிறம் உட்பட.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷத்து மழையில் அந்த நிலம் ஏரிக்குள்ளிருந்து எருமை எழுவதுபோல எழுந்தது. அதில் முதலில் கால் வைத்தவள், நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கலையரசி. கணவன் தமிழழகனைக் கூட்டி வந்து குடிசை போட்டாள், மரவள்ளி நட்டாள், ஆடு வளர்த்தாள். இருவர் குடும்பத்திலும் அதற்கு முன் யாருக்கும் ஒரு பிடி மண் சொந்தமில்லை. அளக்க வந்த அலுவலர்கள் சங்கிலியைப் பிடித்திருக்கும்போதே நிலம் நகர்ந்துவிட்டதால், கிழங்கு தின்றுவிட்டுப் போனார்கள். காற்று தள்ளிய பக்கமெல்லாம் அது போய் வந்தது. ஒருநாள் தீனதயாளனின் கரும்புத் தோட்டத்துக் கரையை உரசியது. தன் கரையைத் தொட்ட மண் தன்னுடையது என்று சொல்லி, அவர் லாரிக் கயிற்றால் அதைப் புளியமரத்தில் கட்டிப்போட்டார். அன்றிலிருந்து விளைச்சலில் பாதி அவருக்குப் போனது.

போன கார்த்திகையில் உருவான புயலை, டிவிக்காரர்கள் சொல்வதற்கு முன்பே கலையரசி பார்த்துவிட்டாள். காலையில் உரல் அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, பொழுது சாய்வதற்குள் ஊர் அளவு ஆனது. சோற்றுத் தட்டோடு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் துறுதுறுவென்று இருந்தது.

"வருதுய்யா! கடலூர்ல கால வெச்சிடுச்சி, வந்து பாரேன்!"

"இன்னாடி, மாமியா வூட்டு சீரா வருது? கரைக்குப் போயிடலாம் வா" என்றான் தமிழழகன். அவன் ஏற்கெனவே ஆடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் போகவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. வேர் பிடித்து நின்றவற்றையெல்லாம் புயல் முறித்தது. கட்டில்லாமல் கிடந்தவற்றைத் தூக்கினாலும் பூப்போல இறக்கி வைத்தது. ஒரு வைக்கோற்போரும் அதன்மேல் படுத்திருந்த நாயும் பண்ருட்டியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை கலையாமல் வந்ததை அவளே பார்த்தாள்.

மறுநாள் மதியம் ஏரி கொதிக்கத் தொடங்கியது. கயிறு இழுக்க, அலை தள்ள, நிலம் கரையில் மோதி மோதி ஓரம் இடிந்து விழுந்தது. தீனதயாளன் யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து கத்தினார்.

"ஏய் கலையரசி! உசுரு ஜாஸ்தியா வெச்சிக்கினு இருக்கியா? எறங்கி வாங்க ரெண்டு பேரும்!"

"கயித்த அவுத்து உடுங்கண்ணே, ஒடையிது!"

"அவுத்தா நெலம் போயிடும்மா!"

கலையரசி அரிவாளை எடுத்தாள். தமிழழகன் ஆட்டையும் பார்த்தான், கரையையும் பார்த்தான், இடிந்துகொண்டிருந்த மரவள்ளிப் பாத்தியையும் பார்த்தான். பிறகு ஆடுகளை விட்டுவிட்டு வந்து, வெட்டுவதற்குத் தோதாகக் கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

அறுந்ததும் நிலம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்தது. கீழே ஏரிக் கலிங்கு நகர்ந்து போயிற்று, கரும்பு நகர்ந்து போயிற்று, வாய் பிளந்து நின்ற தீனதயாளன் நகர்ந்து போனார். கலையரசி கூந்தல் அவிழ்ந்து, தேர் வடம் பிடித்தவள்போலக் கூவிக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்த தமிழழகன், "இப்ப எங்க போய்க்கினு இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். புயலின் நடுவில் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. அந்த இடைவெளியில் இருவரும் கிழங்கு தின்றார்கள்.

கல்வராயன் மலையில் இரண்டு சரிவுகளுக்கு நடுவே புயல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. நிலம் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே நின்றுவிட்டது. ரோடு சரியான பிறகு தீனதயாளன் வந்து, அடியில் புகுந்து நடந்து பார்த்தார். நிலம் எங்கும் எதையும் தொடவில்லை. கலையரசி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போனார். மலைக்கு வரும் பஸ் இப்போது அங்கே நிற்கிறது. ஏறி வருகிறவர்களுக்காகத் தமிழழகன் மூங்கில் ஏணி ஒன்று சாத்தி வைத்திருக்கிறான். ஆடுகளும் அதில் ஏறி இறங்கப் பழகிவிட்டன.